மதினி போட்ட பதில்கள்

வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கை மெயிலுக்குப் பதில் போட்ட ஒரே ஒரு ஆளை நான் பார்த்திருக்கிறேன். 'உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எல்லாருக்கும் வருமே, அந்த மெயில். நாம் அதைத் திறப்பதுகூட இல்லை. மதினி அதைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுதினார்: "சரி. சொல்ல மாட்டோம். நீங்களும் சொல்லிவிட வேண்டாம்."

தாராவியில் எங்கள் சந்து முக்கில் அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், அவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இவ்வளவும் உள்ளே போனால் மதினிக்கே இடம் குறைவு. வாடிக்கையாளர் தெருவில்தான் நிற்க வேண்டும். கடை உண்மையில் அவருடைய கணவருடையது. ஊர்ப் பழக்கத்தில் அவரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். அதனால் இவர் மதினி. மற்றபடி எனக்கும் அவருக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. அண்ணாச்சிக்கு மிஷின் என்றால் பயம். கடைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "மிஷின் ரிப்பேரு" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் அவர் பார்த்த வியாபாரம். மிஷின் நன்றாக ஓடும் நாளிலும் அதையேதான் சொல்வார்.

கடை போர்டில், பெயருக்குக் கீழே, கடையின் மெயில் ஐடியைச் சிவப்பு பெயின்டில் எழுதி வைத்திருந்தார்கள். பிரின்ட் எடுக்க வேண்டியதை வாடிக்கையாளர்கள் அந்த ஐடிக்கு அனுப்பட்டும் என்பதற்காக. அது வேறு வேலைக்குப் பயன்பட்டது. எங்கள் சந்தில் யாருக்கும் மெயில் ஐடி கிடையாது. ஆனால் கேஸ் கனெக்‌ஷனோ காலேஜோ பாஸ்போர்ட்டோ, எந்த ஃபார்மை எடுத்தாலும் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். ஃபார்மை வாங்கிக்கொண்டு கடை முன்னால் நின்று எழுதுகிறவன், அந்தக் கட்டம் வந்ததும் பேனாவோடு தலையைத் தூக்குவான். எதிரே போர்டு. பார்த்து எழுதிவிடுவான். ஒருவன் எழுதியதைப் பார்த்து அடுத்தவன் எழுதினான். கடைசியில் மொத்தச் சந்துக்கும் ஒரே ஐடி ஆகிவிட்டது. எங்கோ ஒரு கம்ப்யூட்டர் எங்களை, எல்லா மதமும் எல்லா வயசும் கலந்த, சண்டை போடாத ஒரு பெரிய குடும்பம் என்று நினைத்திருக்கும்.

மதினி எட்டாவது வரை படித்தவர். மெயில் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் சந்தில் மெயில் சம்பந்தமாக யாருக்கு என்ன உதவி வேண்டுமானாலும் அவரிடம்தான் போக வேண்டும். போகாவிட்டாலும் உதவி நம்மைத் தேடி வரும். யாருக்கு மெயில் வந்தாலும் இருந்த இடத்திலிருந்தே கத்துவார்.

"ஏல பரமசிவம், அந்தப் பொண்ணு வீட்லயும் வேண்டாம்னு எழுதிட்டாவல. மீசைய எடு மீசைய எடுன்னு எத்தன தடவ சொல்லுதேன்."

பரமசிவம் எதிர்ப்புறம் சலூன் வைத்திருந்தவன். ஏதோ கல்யாண இணையதளத்தில் பதிந்து வைத்திருந்தான். பாதி முகம் சோப்பு நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களும் திரும்பி அவன் மீசையைப் பார்ப்பார்கள். "மதினி, மெதுவாச் சொல்லப்பிடாதா?" என்பான். "மெதுவாச் சொன்னா மட்டும் சரின்னுருவாவளாக்கும்" என்பார் மதினி. பெண் வீட்டுக்கு அவரே அன்றைக்குப் பதிலும் எழுதியிருப்பார்: "நல்லது. பையனுக்குக் குணம் தங்கம். உங்கள் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமையட்டும். அமைந்ததும் தெரிவிக்கவும்."

பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் காட்ட மாட்டார். அதை அடிக்கும்போது சேலை முந்தானையால் கீபோர்டை மூடிக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொல்லிக்கொண்டேதான் அடிப்பார். அதனால் சந்து முழுக்க எல்லாருக்கும் பாஸ்வேர்டு தெரியும். என் மகள் இரண்டாவது படிக்கும்போது அதை விளையாட்டுப் பாட்டாகப் பாடினாள். இருந்தும் யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. போனால், வந்ததற்கெல்லாம் யார் பதில் போடுவது?

பதில். அதுதான் மதினி. வந்த மெயிலுக்குப் பதில் போடாமல் அவரால் இருக்க முடியாது. தள்ளுபடி விளம்பரம் வந்தால், "இந்த மாதம் கஷ்டம். தீபாவளிக்குப் பார்ப்போம்" என்று எழுதுவார். கடன் தருகிறோம் என்று வந்தால், "நாங்கள் நலம். யாருக்காவது தேவைப்பட்டால் சொல்கிறோம்" என்பார். எல்லாம் தமிழில்தான். ஆங்கில மெயிலைத் தட்டுத்தடுமாறி வாசித்துப் புரிந்துகொள்வார். ஆனால் எழுதுவது தமிழில். அவங்களுக்குப் புரியுமா என்று ஒருமுறை கேட்டேன். "அவங்க எழுதுனது எனக்கு முழுசாப் புரிஞ்சுதா? நான் கேட்டனா?" என்றார்.

நான் பேசுகிற ஆள் இல்லை. கடைக்குப் போனால் கையில் இருப்பதை நீட்டுவேன், வாங்கிக்கொண்டு வருவேன். ஆனாலும் ஒருநாள் மனசு கேட்காமல் சொன்னேன். "மதினி, இதுல அனுப்புனவங்க பேரே 'நோ ரிப்ளை'ன்னு இருக்கு. பதில் போட வேண்டாம்னு அர்த்தம்."

"தெரியும் கொழுந்தனாரே."

"பெறகு?"

"பதில் வேண்டாம்னு ஒருத்தரு சொல்லுதாவன்னா, கோவத்துல சொல்லுதாவ. அதுக்குன்னு நாம அப்படியே விட்டுர முடியுமா?"

நான் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்படிப் போன பதில்கள் போய்ச் சேராமல் திரும்பி வரும். திரும்பி வந்ததைத் தெரிவிக்கிற மெயிலை ஒரு மிஷின்தான் அனுப்புகிறது. மதினிக்கு அது ஒரு பையன். மேலே ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெயர் போட்டு வருமே, அந்தப் பெயரில் எங்கேயோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற பையன். "ராத்திரி பகல் பாக்காம ஒடனே ஒடனே பதில் போடுதான். என்ன, எதக் கேட்டாலும் முடியாதுன்னுதான் போடுதான். மேல உள்ளவன் அப்படிச் சொல்லி வச்சிருப்பான். பாவம்." அவனுக்கும் பதில் போடுவார். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினார். அதையும் அவன் திருப்பி அனுப்பினான். மதினி மனசு கோணவில்லை. "லீவு குடுத்திருக்க மாட்டான்" என்றார்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவன் எழுதுவான், கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பா செத்துப் போனார், பெட்டி பெட்டியாகப் பணம் இருக்கிறது, உங்கள் வங்கி விவரத்தை அனுப்புங்கள் என்று. அப்படி ஒருவன் மதினியிடம் வந்து மாட்டினான். மதினி வங்கி விவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்பாவுக்கு என்ன செய்தது, சுகர் இருந்ததா, அம்மா எப்படி இருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டு எழுதினார். பாய் ஒருவர்தான் அதை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தார். சீத்தா கேம்பிலிருந்து மிஷின் ரிப்பேருக்கு வருகிறவர் அவர். அந்த ஆள் மறுபடி பணத்தைப் பற்றி எழுதினான். மதினி மறுபடி அம்மாவைப் பற்றிக் கேட்டார். இப்படியே போய், கடைசியில் அவன் தன் அம்மாவுக்கு முட்டி வலி என்று எழுதிவிட்டான். மதினி வாதநாராயண இலையை வதக்கிக் கட்டச் சொல்லி, "இங்கே வந்தால் ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டுப் போ" என்று கடை விலாசத்தையும் கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. திருந்தினானா, வேறு தொழிலுக்குப் போனானா, தெரியாது. பாய் மட்டும் ரொம்ப நாளைக்கு, "அக்கா, உங்க பெரிய மவன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மெயில் எந்த வழியாக வருகிறது என்பது பற்றியும் மதினிக்கு ஒரு தீர்மானம் இருந்தது. ரயில் போகிற பாதையில்தான் அதுவும் வருகிறது. மழைக்காலத்தில் மெயில் வராவிட்டால், "குர்லாவுல தண்ணி நிக்கி. இறங்கினாத்தான் வரும்" என்பார். பாய் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் ஒரு ஜூலையில் உண்மையாகவே கேபிள் தண்ணீரில் மூழ்கி, தண்ணீர் வடிந்த அன்றைக்குத்தான் மெயில் வந்தது. அதிலிருந்து பாய் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இன்னொரு பழக்கம். பதில் போடுகிற ஆள் யார் என்று அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? அதனால் ஒவ்வொரு பதிலோடும் ஒரு போட்டோ சேர்த்து அனுப்புவார். கடை முன்னால், போர்டுக்குக் கீழே, மதினி பட்டுச்சேலை கட்டி நிற்பார். ஓரத்தில் அண்ணாச்சி ஸ்டூலில். மதினியின் மகள் வாங்கிக் கொடுத்த நல்ல போனில் எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அண்ணாச்சியின் பனியனில் உள்ள ஓட்டைகளைக்கூட எண்ணலாம். எத்தனையோ வங்கிகளுக்கும் செருப்புக் கம்பெனிகளுக்கும் அந்தப் பனியன் போயிருக்கிறது.

மதினி இப்போது இல்லை. சந்தும் இல்லை. அங்கே தகரம் அடித்து மறைத்து ஏதோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு பக்கம் போய்விட்டோம், ஆளாளுக்கு ஒரு மெயில் ஐடியும் வந்துவிட்டது. என் போனில் மட்டும் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் நான் யாருக்கும் பதில் போடுவதில்லை.

எனக்கு வேலை போன கதையைச் சொல்ல வேண்டும். நான் ரெக்சின் பை தைக்கிற பட்டறையில் இருந்தேன். பத்தாவது முடித்ததிலிருந்து அதுதான் வேலை. முதலாளி பட்டறையை வசாய்ப் பக்கம் மாற்றிக்கொண்டு போனபோது, கண் சரியாகத் தெரிகிற ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். நான் வீட்டில் உட்கார்ந்தேன். என் மனைவி மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் செய்துகொண்டிருந்தாள். மூன்றாவது வீடும் பிடித்தாள். அவளுக்கு முதுகு வலி. ராத்திரி படுக்கும்போது வலியை என்னிடம் சொல்ல மாட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐரோலியில் ஒரு கம்பெனியின் கேன்டீனில் ஸ்டோர் பார்க்க ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் சொன்னார். அரிசி, பருப்பு, எண்ணெய் வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்கிற வேலை. இன்டர்வியூவில் ஒரு மராட்டிப் பெண் இந்தியில் கேள்வி கேட்டார். நான் ஆமாம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொன்னேன். "மெயில் வரும். வந்ததும் சம்மதம் என்று பதில் போட வேண்டும்" என்றார். ஃபார்மில் என்ன ஐடி எழுதியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். "மதினி, எனக்கு ஒரு மெயில் வரும். வேலை விசயம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்று தன் தலையில் தானே கை வைத்துச் சத்தியம் செய்தார்.

சாயங்காலம் நான் சந்தில் நுழைந்தபோது பரமசிவம் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஐரோலி ரொம்ப தூரமாச்சே அண்ணே" என்றான். அடுத்த வீட்டு லெட்சுமி அக்கா, கேன்டீனில் உளுந்து மிஞ்சினால் தனக்குச் சொல்லச் சொன்னாள். அவள் இட்லி வியாபாரம். மதினியிடம் போனேன். "நான் எங்க சொன்னேன்? ஒங்களுக்காக வேண்டிக்கிடச் சொன்னேன். எதுக்குன்னு சொல்லாம எப்படி வேண்டுவாவ?" என்றார்.

மெயில் வரவில்லை. தினமும் போய் வந்ததா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால் ஆதார் அட்டையை ஒரு ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி நீட்டுவேன். மதினி எடுத்துக் கொடுத்துவிட்டு அவராகவே சொல்வார்: "மழையைப் பாத்தியளா. குர்லா தாண்டாது." உண்மையில் யாருக்குமே அந்த வாரங்களில் மெயில் வரவில்லை. எழுதப் பதில் இல்லாமல் மதினியே முகம் வாடித்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் வீட்டில் என் ஆதார் அட்டையின் நகல்கள் ஒரு கட்டாகச் சேர்ந்தன. மனைவி அதில் அப்பளம் காயப் போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அந்த மராட்டிப் பெண் போன் செய்தார். இந்தியில் படபடவென்று பேசினார். இரண்டு தடவை அனுப்பியும் மெயில் திரும்பி வந்துவிட்டதாம். எங்கள் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது என்று வருகிறதாம். "நாலு மணிக்கு இன்னொரு தடவை அனுப்புவேன். அஞ்சு மணிக்குள்ள அதே ஐடியிலேர்ந்து சம்மதம் வரணும். வரலைன்னா சிஸ்டம் அடுத்த ஆளோட பேருக்குப் போயிடும். என் கையில எதுவும் இல்ல." வேறு ஐடி கொடுக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, ஐடியை மாற்றினால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை இடம் இருக்காது என்று சொல்லி வைத்துவிட்டார்.

நல்லவேளையாகப் பாய் அன்றைக்கு மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். பாய் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அக்கா, பெட்டி ஃபுல்லு. உள்ள ஒண்ணும் வராது, வெளிய ஒண்ணும் போகாது. பழசை அழிக்கணும்."

"யாருதை?"

"யாருதுன்னா? எதையாவது."

"எதையாவதுன்னா எப்படி? இது லெட்சுமியோட கேஸ் பில்லு. இது பரமசிவத்தோட பொண்ணு வீட்டுக்காரவுக. அடுத்தவுக சாமான அவங்களக் கேக்காம தொடப்பிடாது."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எழுந்து நின்று சந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். மதினி ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்து, உரியவரிடம் அனுமதி கேட்க ஆரம்பித்தார்.

"லெட்சுமி, ஒன் மவன் ஸ்கூல்லேர்ந்து போன வருசம். பையன் கிளாஸ்ல தூங்குதானாம். அழிக்கவா?"

"எனக்கு ஏன் அப்பமே சொல்லல?"

"நான்தான் பதில் போட்டுட்டேனே, ராத்திரி மாவு ஆட்ட ஒத்தாச செய்யுதான்னு."

"ஏல பரமசிவம், இது தாதர் பொண்ணு. அழிக்கவா?"

பரமசிவம் கொஞ்சம் யோசித்தான். "அத வச்சிருங்க மதினி" என்றான். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. அவனை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்சு போனது. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அழித்ததோ ஐந்தாறு கேஸ் பில். நான் ஓரத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் பொறுமை இழந்து மவுஸைப் பிடுங்கினார். அங்கும் இங்கும் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "அக்கா, வந்ததுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் நீங்க அனுப்பினதுதான் இடத்தை அடைச்சிருக்கு. ஒவ்வொண்ணுலயும் இந்தப் போட்டோ. இந்த ஒரு பனியன் ஆயிரக்கணக்குல உள்ள கெடக்கு."

வெளியே ஸ்டூலில் இருந்த அண்ணாச்சி தன் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

பாய் ஒரு மெயிலைத் திறந்து காட்டினார். பெட்டி நிறையப் போகிறது, கவனியுங்கள் என்று மெயில்காரர்களே அனுப்பிய எச்சரிக்கை. அதற்கு மதினியின் பதில்: "தகவலுக்கு நன்றி. சீக்கிரம் கவனிக்கிறோம்." கூடவே போட்டோ. எச்சரிக்கை வர வரப் பதில், பதில் போகப் போகப் போட்டோ.

"இதையெல்லாம் மொத்தமா அழிச்சா ஒரு நிமிசத்துல பெட்டி காலி" என்றார் பாய்.

மதினி மவுஸைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அது ஆகாது."

"ஏன்?"

"நான் சொன்ன பதிலு. இங்க அழிச்சா அவங்ககிட்ட இருக்கதும் போயிரும். பதிலே சொல்லலன்னு நெனைப்பாவ."

"போகாதுக்கா. அங்க போனது போனதுதான்."

"நீ சொல்லாத. ரெண்டு நிமிச வேலைன்னு சொல்லி மிஷின மூணு நாளு தூக்கிட்டுப் போனவன் நீ."

எல்லாரும் பேசினார்கள். பரமசிவம் கெஞ்சினான். லெட்சுமி அக்கா திட்டினாள். மதினி மவுஸை விடவில்லை. சிரித்துப் பேசுகிற ஆளின் முகம் இறுகிப்போயிருந்தது. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, பயந்துபோயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. வேலை என்னுடையது. நான்தான் பேச வேண்டும்.

"மதினி" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். "ஒரு ஆள் வந்து ஜெராக்ஸ் கேக்கான். நீங்க எடுத்துக் குடுக்கிய. அதுல ஒண்ணு கூடுதலா விழுந்து போச்சு. அவன் வாங்கிட்டு ஊருக்கே போயிட்டான். கூடுதலா விழுந்ததக் கிழிச்சுக் கூடையில போடுதிய. அவன் கையில இருக்கதும் கிழிஞ்சு போகுதா?"

மதினி என்னையே பார்த்தார்.

"அனுப்புனது அவங்க கையில இருக்கு. இது கூடுதலா விழுந்த காப்பி. கடைக் காப்பி. இதக் கிழிச்சா ஒங்க பதிலு எங்கயும் போயிராது. அவங்க எப்ப வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம். ஒங்களயும் பாக்கலாம். அண்ணாச்சியயும் பாக்கலாம்."

நான் அவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

"இவ்வளவு பேச்சையும் இத்தன வருசமா எங்க வச்சிருந்திய கொழுந்தனாரே?" என்றார் மதினி. பிறகு மெதுவாக, "அங்க இருக்கும்லா?" என்றார்.

"இருக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

நோ ரிப்ளைக்குப் போய்த் திரும்பி வந்த பதில்களும் அதில் இருந்தன. அவை யார் கையிலும் போய்ச் சேராதவை. இந்தப் பெட்டியை விட்டால் அவற்றுக்கு வேறு இடம் கிடையாது. பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மதினியே அழித்தார். பாய் காட்டிய இடத்தில், ஒரு விரலால், ஒரே தட்டு. அவ்வளவு வருஷத்துப் பதிலும் போயிற்று. ஆனால் பெட்டி அப்படியேதான் நிறைந்து நின்றது. அழித்தது எல்லாம் குப்பைக்குப் போயிருக்கிறது, குப்பையையும் காலி செய்ய வேண்டும் என்றார் பாய்.

"குப்பையில போட்டப் பெறகும் எடத்த அடைக்குமா?"

"நம்ம சந்து மாதிரிதான்க்கா."

குப்பையும் காலியாகி, நாலு மணி தாண்டி, எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெயில் வந்தது. மேலே என் பெயர். பாய் உரக்க வாசித்துத் தமிழில் சொன்னார். பரமசிவம் என் முதுகில் அடித்தான். சம்மதம் என்று ஒரே ஒரு ஆங்கில வார்த்தை அனுப்பினால் போதும் என்று பாய் அதை அடிக்கவும் செய்துவிட்டார். மதினி அவரை நாற்காலியிலிருந்து எழுப்பினார்.

"ஒத்த வார்த்தையா? கூப்பிட்டு வேல குடுக்காவ. மரியாத வேண்டாமா?"

பாய் எழுதிய வார்த்தைக்குக் கீழே மதினி தமிழில் அடிக்க ஆரம்பித்தார். ஒரு விரல். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி. திரையை முதுகால் மறைத்துக்கொண்டதால் என்ன எழுதுகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. வாயால் சொல்லிக்கொண்டு அடிக்கிறவர், அன்றைக்கென்று வாயை மூடிக்கொண்டார். பரமசிவம் சலூன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கத்திக்கொண்டிருந்தான். லெட்சுமி அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து அடிக்கக் கொஞ்சமே இருக்கும்போது மதினி போட்டோவைத் தேடினார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மதினி ஒரு பெருமூச்சு விட்டு, போட்டோ இல்லாமலேயே அனுப்பினார்.

"என்ன எழுதினிய மதினி?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு எழுதலயே. அவங்களுக்கு எழுதினேன்" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. முதல் நாள் அந்த மராட்டிப் பெண்ணின் மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவர் என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி மதினியின் மெயிலைக் காட்டினார். அக்கவுன்ட்ஸில் இருக்கிற ஒரு தமிழரிடம் கொடுத்து அர்த்தம் கேட்டிருக்கிறார். நான் முதல் தடவையாக அதை வாசித்தேன்.

"எங்கள் கொழுந்தனார் வருகிறார். நல்ல உழைப்பாளி. ஆனால் பேச மாட்டார். பசித்தாலும் சொல்ல மாட்டார். கேன்டீனில் வேலை பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிடுவார். நீங்கள்தான் கேட்டுப் போட வேண்டும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நான் சும்மா மரியாதைக்கு நன்றின்னு ஒரு பதில் போட்டேன்" என்றார் அந்தப் பெண். "அதுக்கு ஒரு பதில் வந்தது. நான் அதுக்கு ஒண்ணு போட்டேன். அதுக்கும் வந்தது. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டிருக்காங்க. இதை எப்படி நிறுத்துறது?"

"நிறுத்த முடியாது மேடம்" என்றேன்.

மத்தியானம் ஸ்டோரைப் பூட்டிவிட்டு, எப்போது சாப்பிட வேண்டும், எங்கே உட்கார வேண்டும், யாரைக் கேட்பது என்று தெரியாமல் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் சாப்பிட்டு முடிகிற நேரம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தப் பெண் படி இறங்கி வந்தார். ஒரு தட்டை எடுத்து என் கையில் கொடுத்து, சோறும் பருப்பும் வைக்கச் சொல்லி, என்னை ஒரு மேசையில் உட்காரவைத்தார். தானும் எதிரே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் சாப்பிடுங்க" என்றார். "நீங்க சாப்பிட்டாச்சான்னு காலைலயே கேட்டு எழுதியிருக்காங்க. நான் பதில் போடணும்."